ஒரே ஜாடையில் இரண்டு காய்ச்சல்

அத்தானுக்குக் காய்ச்சல் என்று அக்கா போன் செய்தபோது சோதனைக்காரிக்கு வந்தது இரக்கம் அல்ல, எரிச்சல். அந்தப் பெயரை அவளுக்கு வைத்ததே அவர்தான். நோய் ஆய்வகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால், "எங்க வீட்டுக்குச் சோதனை வெளியிலிருந்து வர வேண்டியதில்ல, உள்ளயே ஒருத்தி இருக்கா. ஊரார் ரத்தமும் மூத்திரமும்தான் அவளுக்கு உத்தியோகம்" என்று சொல்லித் தானே முதலில் சிரித்தார். பதினோரு வருடமாகப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா பிள்ளைகள்கூட அவளைச் சோதனைச் சித்தி என்றுதான் கூப்பிட்டன.

காலில் முள் குத்தினால் தெருவையே கூட்டுகிற மனிதர் அவர். அதனால் போனில் அவள், "சரி, எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"போன வாரம் நாலு நாள் அடிச்சுது. அப்புறம் ரெண்டு நாள் விட்டுச்சு, எழுந்து ஆட்டுக்குத் தண்ணிகூடக் காட்டினார். திரும்ப வந்துருச்சு. கழுத்தை அசைக்க முடியல. காலைல என்னைப் பாத்து, நீங்க யாருன்னு கேட்டார்டி."

நீங்க என்ற சொல்தான் சோதனைக்காரியை எழுப்பியது. பதினெட்டு வருடத்தில் அவர் அக்காவுக்கு அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மருத்துவமனைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. விரல் அகல பிளாஸ்டிக் பட்டை ஒன்றில் அத்தானின் ரத்தம் ஒரு சொட்டு விட்டிருந்தார்கள். அதில் இரண்டு கோடு விழுந்திருந்தது. வார்டு டாக்டர் சின்ன வயதுக்காரர், தூங்கி இரண்டு நாள் ஆன முகம்.

"ஆட்டு உண்ணிக் காய்ச்சல். மூளை வரைக்கும் போயிருக்கு. ஆடு வளர்க்கிறவர்தானே, அங்க இருந்து வந்திருக்கும். பொழைச்சுக்குவார்னு நினைக்கிறேன்."

"இந்தக் கிட் காட்டு உண்ணிக் காய்ச்சலுக்கும் கோடு போடுமே டாக்டர்."

"பெட்டியில ஆட்டுக் காய்ச்சல்னுதான் போட்டிருக்கு."

பெட்டியில் போட்டிருக்கிறது. படித்தவர் பெட்டியைப் படித்திருக்கிறார். அந்தக் கிட்டை வாங்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர் அவளுடைய ஆய்வகத் தலைவர்தான். பதினைந்து வருடமாக ஒரு கண்ணாடிக் குழாயைக் கையால் தொடாதவர். பேனாவைத் தவிர வேறு கருவி அவருக்குப் பழக்கமில்லை.

வராந்தா பெஞ்சில் அக்கா ரொட்டியைத் தேநீரில் தோய்த்து, தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே மூன்றாவது நாளாக விடாத மழை. அவள் செருப்பிலும் பாவாடை ஓரத்திலும் ஆட்டுப் புழுக்கை கலந்த சேறு காய்ந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டுக்கும் தொட்டி கழுவி, நனையாத வைக்கோலாகத் தேடிப் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் புருஷனைப் பார்க்க வந்திருந்தாள்.

"காட்டுக் காய்ச்சல், ஆட்டுக் காய்ச்சல்னு என்னவோ சொன்னியே. எதா இருந்தா என்ன, காய்ச்சல் காய்ச்சல்தானே?"

"உனக்கு என்னவா? ஆட்டுக் காய்ச்சல்னு எழுதினா உன் ஆட்டையெல்லாம் கொன்னு புதைக்கணும்னு சட்டம். காட்டுக் காய்ச்சல்னா ஆட்டுக்குச் சம்பந்தமே இல்ல, காட்டு உண்ணி கடிச்சு வர்றது. அதுக்குத் தடுப்பூசிகூட இருக்கு."

அக்கா ரொட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப எதுன்னு பாத்துச் சொல்ல வேண்டியதுதானே."

"அங்கதான் சிக்கல். ரெண்டு வைரஸும் அண்ணன் தம்பி மாதிரி. ஒருத்தன் உள்ள வந்தா, அவனை அடையாளம் வெச்சுப் பிடிக்க உடம்பு ஒரு எதிர்ப்புப் பொருள் செய்யும். அண்ணனுக்காகச் செஞ்சது தம்பியையும் போய்ப் பிடிக்கும். கடைக்காரர் என்னைப் பாத்து, உன் பேரைச் சொல்லிக் கூப்பிடறாரு இல்ல? அந்தக் கிட் அந்தக் கடைக்காரர் மாதிரி. இந்த வீட்டுப் பொண்ணுன்னு தெரியும், எந்தப் பொண்ணுன்னு தெரியாது."

"தெரிஞ்சுக்க வழியே இல்லையா?"

"இருக்கு. ரெண்டு வைரஸையும் தனித்தனியா உயிரோட வளர்த்து, இவர் ரத்தத்தோட மோத விடணும். எதை அதிகமா அடக்குதுன்னு பாக்கணும். ஆனா இப்ப எடுத்த ரத்தம் மட்டும் பத்தாது. ரெண்டு மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும். அப்புறம் சோதனைக்கு ஆறு நாள்."

"நீ செய்வியா?"

"நான்தான் செய்யணும். வேற யாருக்குத் தெரியும் அங்க."

இதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

மறுநாளே கால்நடை அதிகாரி வந்துவிட்டார். சேறு படாத காலணி, கக்கத்தில் தோல் பை, கூட இரண்டு ஆட்கள். கொட்டிலுக்குள் அவர் காலை வைக்கவில்லை. வாசலில் குடைக்குக் கீழே நின்றுகொண்டு உத்தரவு போட்டார். இருபது ஆட்டில் ரத்தம் எடுத்து, அதே கிட்டில் விட்டார்கள். மூன்றுக்கு மங்கலாகக் கோடு விழுந்தது.

"பாத்தீங்களா" என்றார் அக்காவிடம். "முப்பது நாள் அவகாசம். அதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுடுவோம். நீங்க ஒத்துழைச்சா நல்லது."

"எந்த ஆடும் சுணங்கிக்கூடப் படுக்கலையே சார். குட்டி போட்டதெல்லாம் பால் குடுக்குது. காய்ச்சல் வந்த ஆடு இப்படியா மேயும்?"

"அதெல்லாம் உங்களுக்குத் தெரியாதும்மா. சோதனை சொல்லுது."

சோதனை சொல்லுது. சோதனைக்காரி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஒன்றுமே இல்லாத ரத்தத்துக்கும் இருபதில் இரண்டு மூன்றுக்கு மங்கல் கோடு போடுகிற பட்டை அது. அதை அவள் இரண்டு வருடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். தலைவர் அந்தத் தாளின் மேல் தேநீர்க் கோப்பை வைத்திருந்ததைப் பிறகு ஒரு நாள் பார்த்தாள்.

தலைவரிடம் போனாள்.

"ஏம்மா, உன் அத்தான் ரத்தத்தை நீயே சோதிச்சு, நீயே ஆட்டைக் காப்பாத்திட்டா ஊர் என்ன பேசும்?"

பதினோரு வருடத்தில் அவர் சொன்ன ஒரே நியாயமான பேச்சு அது. அதனாலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"செல்காரர் நம்பர் போட்டுக் கலந்து குடுக்கட்டும் சார். எது யாரோடதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். இல்ல, உங்களுக்குச் சங்கடமா இருந்தா வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிடலாம். அந்தக் கிட் சரியான்னும் அவங்க சேர்த்துப் பாத்துச் சொல்லிடுவாங்க."

கிட் என்றதும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம கிட்ட வசதி இருக்கும்போது வெளிய எதுக்கு" என்றார்.

செல்காரர் என்பது உயிரணு வளர்க்கிறவர். நாளெல்லாம் கண்ணாடிக் குடுவைகளை வெதுவெதுப்பில் வைத்து, அவற்றுக்குத் தீனி மாற்றிக்கொண்டிருப்பார். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் ஆயுள் குறையும் என்று நினைப்பவர் போல இருப்பார். சோம்பேறி என்று அவரையும் அவள் ஒரு பட்டியலில் வைத்திருந்தாள். அந்தப் பட்டியலில் அவளைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

இரண்டாவது ரத்தம் இருபத்தோராம் நாள் வந்தது. அத்தான் அப்போது எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தார். வலது கை மட்டும் நடுங்கியது. ரத்தம் எடுக்க வந்த நர்ஸைப் பார்த்து, "சோதனைக்காரிக்கு என் ரத்தம் இன்னும் பத்தலையா" என்றார். அத்தான் பழையபடி ஆகிவிட்டார் என்று அக்கா மகிழ்ந்துபோனாள்.

செல்காரர் அத்தானின் இரண்டு ரத்தம், ஆடுகளின் மூன்று, வேறு ஏழு பேருடையது என்று பன்னிரண்டு குழாய்க்கு நம்பர் போட்டுக் கொடுத்தார். உள் அறை இரட்டைக் கதவு உள்ளது. முழு அங்கி, முகமூடி, இரட்டைக் கையுறை. உள்ளே போனால் நாலு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது. ரத்தத்தின் தெளிநீரான சீரம் ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் சூடுபடுத்தி, பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று, நாற்பதுக்கு ஒன்று என்று பாதி பாதியாக நீர்க்க வைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றோடும் ஒரே அளவு வைரஸைச் சேர்த்தாள். ஒரு வரிசைக்குக் காட்டு வைரஸ், இன்னொரு வரிசைக்கு ஆட்டு வைரஸ். ஒரு மணி நேரம் கழித்து உயிரணுக்கள் படர்ந்த தட்டுகளில் விட்டாள். சீரம் வைரஸை அடக்கினால் உயிரணு பிழைக்கும். அடக்காவிட்டால் வைரஸ் அதைத் தின்று ஓட்டை போடும். அவ்வளவுதான் விஷயம். கட்டைவிரல் மரத்துப்போகும் வரை அதையே செய்துகொண்டிருக்க வேண்டும்.

ஆறாம் நாள் தட்டுகளைப் பார்மலினில் ஊறவைத்து, ஊதாச் சாயம் விட்டுக் கழுவினாள். வெளிச்சப் பெட்டிமேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். ஐந்தாம் நம்பர் சீரம், காட்டு வைரஸ் வரிசையில் ஆயிரத்து இருநூற்று எண்பதுக்கு ஒன்று என்று நீர்த்த பிறகும் ஓட்டை விழாமல் முழு ஊதாவாக இருந்தது. ஆட்டு வைரஸ் வரிசையில் எண்பதோடு அதன் வீரம் முடிந்துவிட்டது. பதினாறு மடங்கு வித்தியாசம். நாலு மடங்கு இருந்தாலே தீர்ப்பு சொல்லலாம். இரண்டு, ஏழு, பதினொன்று மூன்றும் எதையுமே அடக்கவில்லை. பத்துக்கு ஒன்றிலேயே சல்லடையாக இருந்தன.

"நம்பரைப் பிரிங்க" என்றாள்.

செல்காரர் காகிதத்தை விரித்தார். ஐந்து, அத்தானின் இரண்டாவது ரத்தம். இரண்டு, ஏழு, பதினொன்று மூன்றும் ஆடுகள்.

"காடு" என்றார் செல்காரர். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அவளே கால்நடை அலுவலகத்துக்குப் போனாள். அழிப்புக்கு இரண்டு நாள்தான் பாக்கி. குழி வெட்டுகிற இயந்திரம் மேய்ச்சல் நிலத்து ஓரத்தில் வந்து நின்றுவிட்டிருந்தது.

அதிகாரி முழுவதையும் படித்தார். படிப்பவர் முகம் நிம்மதியாகவில்லை, இருண்டது.

"காட்டுக் காய்ச்சல்னா காட்டுக்குப் போயிருக்கணும். மேலக் காடு மூணு வருஷமா அடைச்சுக் கிடக்கு, யாரும் போக அனுமதி இல்ல. இவரு எங்க போனாரு? தொற்றிய இடம்னு ஒரு கட்டம் இருக்கே, அது காலியா இருக்கு."

"கேட்டு எழுதறேன்."

"நான் கேட்டுட்டேன்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். காட்டுப் பக்கமே போனதில்லை என்று அத்தான் நடுங்குகிற கையால் கையெழுத்துப் போட்டிருந்தார். தேதி நேற்றையது. "காட்டுக்கே போகாதவருக்குக் காட்டுக் காய்ச்சல் எப்படிம்மா வரும்? உங்க சோதனையிலதான் எங்கயோ கோளாறு."

இந்த அலுவலகத்துக்கு மருத்துவமனை வார்டில் என்ன வேலை என்று அவள் யோசித்துக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தானை அன்று காலையில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சமையலறையில் உட்கார்ந்து, அவித்த முட்டையை நடுங்குகிற கையால் உரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க அத்தான்?"

"உண்மையைத்தானே போட்டேன்."

"உங்க ரத்தம் வேற சொல்லுது."

"உன் ரத்தம் சோதிக்கிற வேலையெல்லாம் எனக்குத் தெரியாதா. நாலு தண்ணியை ஊத்தி, நாலு கலரைக் காட்டி..."

"இருநூத்திப் பன்னிரண்டு ஆடு" என்றாள் அக்கா. அடுப்பிலிருந்து திரும்பாமலேயே சொன்னாள். "நாளன்னிக்குக் குழியில தள்ளப் போறாங்க. குட்டியோட. நான் பேர் வெச்சு வளத்தது. நீங்க முட்டை உரிக்கிறீங்க."

"நான் என்ன பண்ண முடியும்."

"செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை சந்தைன்னு விடியறதுக்குள்ள போவீங்களே. சந்தையிலிருந்து வர்ற ஆளு சட்டையில மரத்தூள் இருக்குமா? நாலு மாசமா நான்தான் துவைக்கிறேன். கேக்கலன்னா தெரியாதுன்னு அர்த்தமா?"

முட்டை கைநழுவி உருண்டது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

மெல்ல மெல்ல வந்தது. மேலக் காட்டுக்குள் பழைய ஆட்டுத் தடம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு லாரி, அறுப்பவர்கள் இரண்டு பேர். அவர் வழிகாட்டி. பெரிய பெரிய மரங்கள்.

"யாருக்கு மரம்?" என்றாள் சோதனைக்காரி.

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். "கால்நடை அதிகாரி புது வீடு கட்டறார்" என்றார்.

அடுப்பில் பால் பொங்கியது. அக்கா அதை இறக்கி வைத்தாள். ஆடு மொத்தமும் செத்தாலும் பரவாயில்லை, காடு என்ற சொல் மட்டும் காகிதத்தில் வந்துவிடக் கூடாது. ஒருவருக்குத் தன் வீட்டுக் கதவு. இன்னொருவருக்குத் தன் தோல். இந்த இரண்டு ஆண்களையும் ஒரே தட்டில் வைத்துச் சாயம் விட்டால் இரண்டும் ஒரே மாதிரி ஓட்டையாகத்தான் தெரியும் என்று சோதனைக்காரிக்குத் தோன்றியது.

"என்கூட வா" என்றாள் அக்கா.

அதிகாரியின் புது வீட்டில் வண்ணப்பூச்சு வாசனை இன்னும் போகவில்லை. அதிகாரியின் மனைவி நல்ல மாதிரி. யார் வந்தாலும் வீட்டைச் சுற்றிக் காட்டுவாள் போல, இவர்களுக்கும் காட்டினாள். தளம் முழுக்க மரப்பலகை. கதவு நாலு விரல் கனம். அக்கா சேற்றுச் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளங்கையால் கதவைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல மரம் சார்" என்றாள், உள்ளிருந்து வந்த அதிகாரியிடம். "இது எங்க கெடைக்கும்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமாம். எழுதிக் குடுக்கச் சொன்னா எழுதிக் குடுப்பார். கை நடுங்கும், ஆனா எழுதிடுவார்."

அதிகாரி மனைவியை உள்ளே போகச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார், அதுவும் மரம்.

"எதுக்கு வீணா சங்கடம்" என்றார். "உங்க அறிக்கையை ஏத்துக்கறேன். ஆட்டு உத்தரவை ரத்து பண்ணிடறேன். தொற்றிய இடத்துல மட்டும் தெரியவில்லைன்னு எழுதிடுங்க. எல்லாருக்கும் நல்லது."

அக்கா தங்கையைப் பார்த்தாள். சோதனைக்காரி அங்கேயே, அந்த வழவழப்பான பலகையில் தாளை வைத்து, காலிக் கட்டத்தில் எழுதினாள். தெரியவில்லை. எழுதும்போது அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரை ஒரு செருப்புப் போடாத பொம்பளை எப்படி மடக்கினாள் என்ற சிரிப்பு. வெளியே வந்ததும் அக்கா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குழி வெட்டுகிற இயந்திரம் மறுநாள் போய்விட்டது. அத்தான் கொட்டிலுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அதிகாரிங்க கிட்ட எப்படிப் பேசணும்னு தெரியணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரம் கழித்து ஆய்வகத்துக்கு ஒரு குழாய் வந்தது. கூட வந்த படிவத்தில் வயது இருபத்தாறு. தொழில், மரம் அறுப்பவர். கிட் முடிவு, ஆட்டு உண்ணிக் காய்ச்சல். அதே வார்டு டாக்டரின் கையெழுத்து. அதற்குக் கீழே யாரோ வேறு பேனாவில், 'ஆடு இல்லை. மாடு இல்லை. வாடகை அறை' என்று எழுதியிருந்தார்கள். கேட்காத கேள்விக்கு யாரோ பதில் சொல்ல முயன்றது போல இருந்தது அது.

அவள் வழக்கம்போல உள்ளே போனாள், நீர்க்க வைத்தாள், ஆறு நாள் காத்திருந்தாள். தட்டைக் கழுவியதும் காட்டு வரிசை முழு ஊதாவாக எழுந்தது. நம்பர் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்த ஆளுக்கு ரெண்டாவது ரத்தம் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"வராது" என்றார் செல்காரர். பிறகு, அவரிடமிருந்து அவள் அதுவரை கேட்டிராத நீளத்துக்குப் பேசினார். "முந்தாநேத்தே இறந்துட்டான். பொண்டாட்டி வந்து கீழ நிக்குது. கூட அறுக்கிற இன்னொருத்தனுக்கும் நேத்துலேருந்து காய்ச்சலாம். எந்தக் காடுன்னு முதல்லயே எழுதியிருந்தா அங்க போறவங்களுக்குத் தடுப்பூசி போட்டிருப்பாங்க இல்ல. உங்க அத்தான் எங்க போனாருன்னு கடைசிவரைக்கும் தெரியவே இல்லையா?"

அவர் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். மூன்று வார்த்தைக்காரர், சோம்பேறி என்று அவள் தள்ளி வைத்திருந்தவர், ஒரு நேர்மையான கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனைக்காரி ஜன்னலருகே போனாள். ஜன்னலிலிருந்து கீழே பார்த்தாள். வண்டி நிறுத்துமிடத்துக் குட்டைச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் துணிப்பை. யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்றாள். அவர்கள் கடந்து போனதும் உட்கார்ந்தாள். தலைவர், டாக்டர், அதிகாரி, அத்தான் என்று யாரையெல்லாமோ திட்டிக்கொண்டு இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்தவளுக்கு இப்போது திட்டுவதற்கு ஆள் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. அந்தச் சொல் அவள் கையெழுத்தில்தான் இருந்தது. நல்ல கையெழுத்து வேறு.

அக்காவுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அறுப்பவன் வயதையும் சொன்னாள்.

"நான் இப்ப ரெண்டு அறிக்கையிலயும் எழுதப் போறேன் அக்கா. மேலக் காடு, ஆட்டுத் தடம், லாரி, யாருக்கு மரம், எல்லாம். ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது, அந்த முடிவு மாறாது. ஆனா அத்தானைக் கூட்டிட்டுப் போவாங்க. எனக்கும் வேலை இருக்குமான்னு தெரியல. தெரிஞ்சே பொய் எழுதியிருக்கேன்."

மறுபக்கம் ஆடுகளின் சத்தத்துக்கு நடுவே அக்கா கொட்டில் கதவைச் சாத்துவது கேட்டது.

"நான்தானே உன்னை அங்க கூட்டிட்டுப் போனேன்" என்றாள் அக்கா. "என் பேரையும் எழுது."

"அக்கா."

"அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு கேளு முதல்ல. எழுதறது அப்புறம் எழுது. இவரை நான் குளிச்சு நல்ல சட்டை போடச் சொல்றேன்."